பிரேமினியின் கைராசி

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரேமினி எடை பார்ப்பாள். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, திரையில் ஓடும் இலக்கங்கள் ஓரிடத்தில் நிற்கும்வரை அப்படியே இருப்பாள். ஐந்தாம் தசமம்வரை காட்டுகிற தராசு அது. பக்கத்தில் யாராவது இருமினால் தடுமாறும். சோழகக் காற்றுக் கிளம்பிவிட்டால் மூடிய யன்னலுக்குள்ளேயே ஆடும். "காத்தில்லாத மன்னாரை எனக்குக் காட்டுங்கோ, நான் உங்களுக்கு அஞ்சாம் தசமத்தைக் காட்டுறன்" என்பாள். வேலைக்கு வந்த புதிதில் சொன்ன பேச்சு. பன்னிரண்டு வருடமாகச் சொல் மாறாமல் சொல்லி வருகிறாள்.

உப்புக்குளத்தில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய ஆய்வுகூடம். மீன்தூள், தவிடு, பசளை, வயல் மண் என்று எது வந்தாலும் அதில் நைதரசன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் இடம். நைதரசனை ஆறேகாலால் பெருக்கினால் புரதம். கோழித்தீனுக்கு மீன்தூள் அரைத்து அனுப்புகிறவர்களுக்கு அந்தப் புரத வீதம் பரீட்சைப் புள்ளி மாதிரி. ஐம்பத்தெட்டுக்கு மேல் என்றால் முதல்தரம், கீழே என்றால் இரண்டாம்தரம். படிக்கட்டில் காத்திருந்து முடிவை வாங்கிப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்தே, கீழே இரும்புக் கடைக்காரர் எத்தனை வீதம் என்று சொல்லிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே ஒரு புது மெசின் வந்தது. எடை பார்த்த தூளை வெள்ளீயத் தாளில் பட்டாணிக் கடலை அளவுக்கு மடித்துக் கொடுத்தால், அதை ஆயிரம் பாகைக்குக் கிட்டச் சூடான உலைக்குள் போட்டு, ஒட்சிசனை ஊதி, ஒரு கணத்தில் எரித்துவிடும். எரிந்து வந்த வாயுவிலிருந்து ஈரத்தையும் கரியையும் பிரித்து எடுத்துவிட்டு, மிஞ்சுகிற நைதரசனை அளக்கும். திரையில் ஒரு மேடு எழும்பி இறங்கும். நாலு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். முன்பு அமிலத்தில் போட்டு அரைநாள் காய்ச்சிய வேலை அது. அமிலத்துக்கு இரண்டு சேலைகளைப் பறிகொடுத்தவள் பிரேமினி. புது மெசினைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். வெள்ளிக்கிழமைகளில் அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. மாலையில் மூடுவதற்கு வீட்டிலிருந்து வெள்ளைத் துணி. அது காரணம் காட்டாமல் நின்றுபோனால், "மெசினிட்டையும் மாமியிட்டையும் ஏன் எண்டு கேக்கப்படாது" என்று சொல்லி, நிறுத்தித் திரும்பப் போடுவாள். அநேகமாக ஓடிவிடும்.

வெள்ளீயத் தாளை மடிப்பதில் அவளுக்கு ஒரு தனி வாகு உண்டு. ஊர் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கம். அப்பா வயல்காரர். சிவராத்திரிக்குக் கோயிலில் திருநீற்றைச் சின்னப் பொட்டலமாக, சரையாக மடித்துக் கொடுப்பது அவர்களுடைய குடும்பத் தொண்டு. பத்து வயதில் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தவள் பிரேமினி. சரை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது: நாலு மூலையையும் உள்ளே இழுத்து, நடுவில் சின்னதாக வயிறு வைக்க வேண்டும். வயிறு வைக்காமல் இறுக்கி மடித்தால், பிரிக்கும்போது திருநீறு தெறித்துக் கீழே கொட்டும், பாவம். அதே கை, அதே மடிப்பு. வெள்ளீயச் சரைகள் அவள் முன்னால் வரிசையாகக் குந்தியிருக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆய்வுகூடம் பார்க்க வருகிற பாடசாலைப் பிள்ளைகள் அந்த வரிசையைத்தான் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள்.

அவளுக்குக் கைராசி என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் எருக்கலம்பிட்டி ஹுசைன் நானா. மீன் கழிவைக் காயவைத்து அரைக்கிற ஆலை வைத்திருப்பவர். "பிரேமினி மிஸ்ஸிட கையால வெச்சா புரதம் ஏறுது. மத்தப் புள்ள வெச்சா எறங்குது. அல்லாஹ் சிலபேருட கையில வெச்சிருக்கான்" என்று படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் சொல்வார். மாதிரிப் போத்தலைக் கொண்டுவந்தால் முதலில் எட்டிப் பார்த்து, பிரேமினி லீவு என்றால் போத்தலையும் கொண்டு திரும்பிப் போய்விடுவார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பிரேமினியும் தன் வலது கையை நம்பத் தொடங்கியிருந்தாள்.

மற்றப் பிள்ளை என்பது இர்ஷானா. அவளுக்கும் எருக்கலம்பிட்டிதான் ஊர், ஆனால் பிறந்து படித்து வளர்ந்ததெல்லாம் புத்தளத்தில். குடும்பம் ஊருக்குத் திரும்பி வீடு கட்டியபிறகு, பட்டத்தோடு வந்து சேர்ந்தாள். ஒன்றரை வருடம் ஆகிறது. வயது இருபத்தேழு. சத்தம் போடாமல் நடப்பாள், சத்தம் போடாமல் கதிரையை இழுப்பாள். இர்ஷானாவைப் பற்றிப் பிரேமினியிடம் யாராவது கேட்டால், "நல்ல பிள்ளை" என்று உடனே சொல்லிவிடுவாள். அவ்வளவு வேகமாக ஒருவரை நல்லவர் என்று சொன்னால், உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தது பொறாமை. மறைக்க ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை. ஒரே தூளிலிருந்து மூன்று சரை மடித்து மெசினில் போட்டால் இர்ஷானாவுக்கு 9.14, 9.15, 9.14 என்று வரும். பிரேமினிக்கு 9.31, 9.24, 9.38 என்று வரும். கைராசி கூட்டிக் காட்டியதே தவிர, மூன்றையும் ஒன்றாக்கிக் காட்டவில்லை. ஒரு நாள் இர்ஷானா அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, உங்கட மூணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருது, என்ன?" என்று தொடங்கினாள். பிரேமினி திரும்பியும் பார்க்கவில்லை. "மூண்டு பிள்ளை பெத்தால் மூண்டும் ஒரே முகமாவே இருக்கும்?" என்றாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இர்ஷானாவும் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மெசின்கூட அந்தப் பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிட்டதோ என்று பிரேமினிக்குச் சந்தேகம். தான் நிற்கும் நாளில் வாயு கசிகிறது என்று கத்துகிற மெசின், அவள் நிற்கும் நாளில் வாய் திறப்பதில்லை. பொட்டு வைக்கிறவள் ஒருத்தி, சொல்லுக் கேட்பது இன்னொருத்திக்கு. பெருநாள் கழிந்து இர்ஷானா வட்டிலப்பம் கொண்டுவந்தபோது, "இனிப்புக் கொஞ்சம் கூட" என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டாள். வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று அன்றன்றைய கதையைச் சொல்வாள்: இர்ஷானா இன்றைக்கு இப்படிச் செய்தாள், இர்ஷானா இன்றைக்கு அப்படிச் சொன்னாள். அவள் புருசன் சுகந்தன் நெல்லுக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், பேச்சுக் குறைவு. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த வீட்டில என்ர பேரை விட அந்தப் பிள்ளையின்ர பேர்தான் கூடக் கேக்குது" என்றான். பிரேமினி குழம்புச் சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

இந்த நிலைமையில்தான் கையெழுத்து விசயம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரே ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பொறுப்பாளர் பரமநாதன் சேர் சொன்னார். அதிகம் பேசாதவர், ஓர் எழுத்துத் தவறினால் முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதச் சொல்கிறவர். "கொழும்பிலயிருந்து ஒரு மாதிரி வருது. அதில எவ்வளவு நைதரசன் எண்டு எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஐஞ்சைஞ்சு தரம் செய்யுங்கோ. பாத்து முடிவெடுப்பம்" என்றார். மாதிரி வருவதற்கு மூன்று கிழமை இருந்தது. பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் கையெழுத்துக்குக் கீழே தன் வேலையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் பிரேமினி. தன் பெயர் அச்சடித்த தாளில் ஹுசைன் நானாவும் மற்றவர்களும் முடிவை வாங்கிப்போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை நேற்று வந்த பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை.

அன்று முதல் அவள் உளவு பார்க்கத் தொடங்கினாள். நேராகப் பார்த்தால் மானக்கேடு. தராசின் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் சரித்து வைத்தால், பின்மேசையில் இர்ஷானாவின் கைகள் அதில் தெரியும். எடை பார்ப்பதாகப் பேர். பார்த்தது அந்தக் கைகளை. இர்ஷானா மடித்து முடித்த சரையை உருக்குத் தகட்டில் படுக்க வைத்து, சாவணம் என்கிற சின்ன இடுக்கியின் தட்டைப் பக்கத்தால் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போவாள். திருப்பிப் போட்டு இன்னொரு தரம். பிறகு காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். சரை சப்பையாகிப் பழைய சதக்காசு போலக் கிடக்கும். "சீமாட்டி வேலை" என்று பிரேமினி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நாலு நாள் விடாமல் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் இர்ஷானா லீவு. புத்தளத்தில் மச்சியின் நிக்காஹ். பிரேமினி தனியே இருந்தாள். ஹுசைன் நானாவின் தூள் ஒரு போத்தல் மேசையில் இருந்தது. ஆறு சரை எடை பார்த்தாள். மூன்றை வழக்கம்போல வயிறு வைத்து மடித்தாள். மற்ற மூன்றை மடித்துவிட்டு, கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, சாவணத்தால் அழுத்தினாள். அந்தப் பிள்ளை செய்ததைத் தானும் செய்கிறோம் என்ற வெட்கத்தில் காது சூடாகியது. ஆறையும் மெசினில் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

வயிறு வைத்த மூன்றும் 9.32, 9.26, 9.37. அழுத்திய மூன்றும் 9.15, 9.14, 9.15.

பிரேமினி கதிரையில் சாய்ந்தாள். காரணம் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. காற்றில் முக்கால் பங்குக்கு மேலே நைதரசன். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அவள் முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடமே அதுதான். அவள் வைத்த அந்தச் சின்ன வயிற்றுக்குள் காற்று இருந்தது. மெசின் மீன்தூளையும் எரித்து, காற்றையும் சேர்த்து அளந்து, எல்லாவற்றையும் மீனின் கணக்கில் போட்டது. மெசினைச் சரிபார்க்கப் போடுகிற தூள் மணல்போலக் கனமானது, சரையின் அடியில் படுத்துவிடும், வயிற்றுக்கு இடமில்லை. அதனால் அது எப்போதும் சரியாகவே வந்தது. மீன்தூள்தான் பொங்கி நிற்கும். இரண்டு வருடமாக மன்னார்க் கரை முழுவதும் அவளுடைய கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தது வெறும் காற்று.

நல்ல மனிசி ஒருத்திக்கு இந்த நேரத்தில் ஹுசைன் நானாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அனுப்பிய அறிக்கைகள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பிரேமினிக்கு முதலில் வந்தது, 'இதை நான் அவளைப் பார்த்தல்லவா படித்தேன்' என்ற எரிச்சல்தான். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

பழைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இர்ஷானாவின் வேலைக் கொப்பியை எடுத்தாள். அது எல்லாரும் எடுத்துப் பார்க்கிற கொப்பிதான், களவில்லை. கடைசிப் பக்கங்களில் வேறொரு அட்டவணை இருந்தது. ஒரு நிரலில் பிரேமினி செய்த மாதிரிகள், திகதியோடு. அடுத்த நிரலில் அதே மாதிரிகளை இர்ஷானா திரும்பச் செய்த முடிவு. மூன்றாவதில் வித்தியாசம். பதினாலு மாதத்துக்கு முன்பு தொடங்கிய அட்டவணை. கீழே சின்ன எழுத்தில், 'அக்காட சரையில காத்து' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே 'சொல்லணும்' என்று எழுதி வெட்டியிருந்தது. அடுத்த பக்கத்திலும் 'சொல்லணும்', அதுவும் வெட்டு. நாலு இடத்தில் எழுதி, நாலு இடத்திலும் வெட்டியிருந்தாள்.

பிரேமினி கொப்பியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அதுவரை அவள் பட்ட பொறாமை எல்லாம் ஒரு விளையாட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தியின் கை தன்னுடைய கையைவிடத் திறம் என்றால் பொறாமைப்படலாம், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. இது வேறு. கையெழுத்தைத் தட்டிப் பறிக்கிற துருப்பு அந்தப் பிள்ளையிடம் பதினாலு மாதமாக இருந்திருக்கிறது, அவள் அதைப் போடவேயில்லை. போட்டி வந்தபிறகும் போடவில்லை. 'என்னைப் பாவம் பாத்திருக்கிறாள்' என்று நினைத்தபோது பிரேமினிக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். அன்று மாலை மெசினைத் துணியால் மூடாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொழும்பு மாதிரி வந்தது. இருவரும் ஐந்து ஐந்து சரை மடித்தார்கள். பிரேமினி மேசையை மறைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் அழுத்தினாள். பத்து முடிவும் ஒரே கையால் செய்ததுபோல வந்தன. பரமநாதன் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இர்ஷானா பக்கத்திலேயே நின்றாள்.

"பிரேமினி, உங்கட ஐஞ்சும் இவ்வளவு கிட்டக் கிட்ட ஒரு நாளும் வந்ததில்லை. என்ன செய்தனீங்கள்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டும் அவள் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஒரு மதிப்பு இருந்தது, அது அவளுக்கு ருசித்தது. "பிழை ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டன் சேர்" என்று வாய் தானாகத் திறந்தது. "நான் மடிக்கிற சரைக்குள்ள காத்து நிண்டிருக்கு. என்ர பழைய முடிவெல்லாம் கொஞ்சம் கூட. திரும்பச் செய்து பாக்க வேணும்."

நான் என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் இர்ஷானாவைப் பார்க்கவில்லை.

பரமநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ஏச்சு விழப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். "இரண்டு வருசத்துப் பிழையைத் தானே கண்டு, தானே வந்து சொல்றதுக்கு ஒரு நெஞ்சு வேணும்" என்றார் அவர். "முடிவெடுத்தாச்சு. கையெழுத்து நீங்கள்தான் போடுறியள்." இர்ஷானா, "வாழ்த்துக்கள் அக்கா" என்றாள். உண்மையாகவே சந்தோசப்படுகிற முகம். பிரேமினி அதில் ஏதாவது கோணல் இருக்கிறதா என்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எல்லாம் இருவரும் சேர்ந்து ஒரு கிழமையாகத் திரும்பச் செய்தார்கள். அநேகமானவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. ஹுசைன் நானாவின் தூள் மட்டும் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தேழுக்கு வந்து, இரண்டாம்தரமாகியது. கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அப்ப கைராசி இல்லையா மிஸ்?"

"இல்லை நானா. காத்து."

"முதல்தரம் எண்டு போர்டே எழுதி ஆலையில தொங்கவிட்டுட்டனே" என்றார். பிறகு எழுந்து, போகிற வழியில் திரும்பி, "நீங்களே கண்டுபுடிச்சுச் சொன்னீங்களாம். அது பெரிய விசயம். அல்லாஹ் அதுக்குள்ள கூலிய வெச்சிருப்பான்" என்றார். படிக்கட்டில் அவர் இறங்கும் சத்தம் முடியும்வரை பிரேமினி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுத்த நாள் பரமநாதன் ஒரு படிவத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிழை அறிக்கைப் படிவம், அலுவலகக் கோவையில் நிரந்தரமாக இருக்கப்போவது. பிழை என்ன, காரணம் என்ன, திருத்தியது எப்படி என்று எல்லாவற்றையும் தட்டெழுத்தில் அவரே நிரப்பியிருந்தார். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அவளுடைய முழுப்பெயர். கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளராக அவள் போடப்போகிற முதல் கையெழுத்து. இதற்கென்றே சுகந்தன் ஒரு புதுப் பேனை வாங்கிக் கொடுத்திருந்தான். பிரேமினி பேனையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

இர்ஷானா பின்மேசையில் அன்றைய மாதிரிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிரேமினி கதிரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"எதை அக்கா?"

"உம்மட கொப்பியைப் பாத்தனான். கடைசிப் பக்கம்."

இர்ஷானாவின் கை நின்றது. முகம் சிவந்தது. பிழை செய்து பிடிபட்டவள் அவள்தான் என்று நினைக்கத் தோன்றும்.

"ஒருக்கா சொல்ல வந்தன் அக்கா. நீங்க மூணு பிள்ளை எண்டு சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குப் பொறகு எப்பிடிச் சொல்றது எண்டு எனக்குத் தெரியல்ல. நாள் போகப் போக, ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல எண்டு கேப்பீங்களே எண்டு பயம். சொல்லியிருக்கணும். ஹுசைன் மாமாட முகத்தப் பாத்த பொறகு எனக்கு நேத்துச் சோறு எறங்கல்ல. என்ட பிழையும்தான்."

"சேரிட்டை நான் கண்டுபிடிச்சனான் எண்டு சொல்லேக்க பக்கத்திலதானே நிண்டனீர்."

"நீங்களும்தானே கண்டீங்க அக்கா."

"உம்மைப் பாத்துத்தான் கண்டனான்." பிரேமினியின் குரல் ஏறியது. "நாலு நாள் கண்ணாடிக்குள்ளால உம்மட கையைப் பாத்தனான். உமக்குக் கோவமே வராதோ?"

இர்ஷானா யோசித்தாள். "வந்திச்சு" என்றாள். "அண்டைக்கு முழுக்க வந்திச்சு. வீட்ட போய் உம்மாட்ட சொல்லிச் சொல்லி அழுதன்."

பிரேமினிக்கு அதைக் கேட்டபோது உள்ளே ஏதோ இளகியது. அந்தப் பிள்ளைக்கும் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போய்த் தன் கதையைச் சொல்லி அழுகிறது. அங்கேயும் ஓர் அடுப்படியில் தன் பேர் அடிபட்டிருக்கிறது என்று நினைக்க அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இவ்வளவு நாளும் மனம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். படிவத்தை எடுத்துக்கொண்டு பரமநாதனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, பின்மேசைக்குக் கேட்டது.

"சேர், இதில பேர் பிழை. கண்டது நான் இல்லை, இர்ஷானா. பதினாலு மாதத்துக்கு முந்தியே கண்டவ. கொப்பியில திகதியோட இருக்கு. நான் அவவைப் பாத்துப் படிச்சனான்."

பரமநாதன் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

"இது தெரிஞ்சிருந்தால் நான் கையெழுத்தை உங்களுக்குத் தந்திருக்க மாட்டன்" என்றார்.

"தெரியும் சேர்."

"அப்ப?"

"மாத்தி எழுதுங்கோ."

அவர் இர்ஷானாவைக் கூப்பிட்டு, இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்ததற்கு அவளுக்கும் நாலு வார்த்தை ஏசினார். ஏசி முடித்து, படிவத்தில் பெயரை வெட்டி அவளுடைய பெயரை எழுதி, கையெழுத்தும் இனி நீர்தான் என்றார். பிரேமினி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இர்ஷானாவின் கையில் பேனை இல்லை. பிரேமினி புதுப் பேனையை நீட்டினாள். கையெழுத்து முடிந்தவுடனே கையை நீட்டித் திருப்பி வாங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இருவரும் மேசைக்குத் திரும்பினார்கள். இர்ஷானா காலையில் மடித்த சரைகள் தட்டில் வரிசையாக, சப்பையாக, ஒன்றுபோலக் கிடந்தன. மெசின் சூடேறித் தயாராக நின்றது. பிரேமினி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதலாவது சரையைச் சாவணத்தால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினாள். அதில் ஒரு பிழையும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். உருக்குத் தகட்டில் படுக்க வைத்து, இர்ஷானா பார்த்துக்கொண்டிருக்கவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினாள்.